மடக்குக் காமிராவும் நெய்யூர் மருத்துவரும்

பழைய வீடுகளின் பரண்மேல் கிடக்கும் பெட்டிகளைத் திறப்போர்க்குச் சிலவேளை கையடக்கமான கரிய கருவியொன்று அகப்படும். முன்பாகத்தைப் பற்றி இழுத்தால் துருத்தி விரியும். அதன் நுனியில் சிறு வில்லை தோன்றும். இதுவே மடக்குக் காமிரா. இதன் அமைப்பை விளக்கப் புகுந்த யாம், தமிழகத்தில் தொண்டாற்றிய மிஷன் மருத்துவர் ஒருவரின் காமிராவையே சான்றாகக் கொள்கிறோம்.

ஹோவர்ட் சாமர்வெல் என்னும் ஆங்கில மருத்துவர் 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையேறச் சென்றவர். அது முடிந்தபின் தென்னாட்டிற்கு வந்து, அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனையையும் அங்குக் குழுமிய நோயாளரையும் கண்டு, அங்கேயே பணிபுரியத் துணிந்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்ட் சென்றார். உச்சியை எட்டாது அவர் திரும்பியபின், மல்லோரியும் இர்வினும் ஏறப் புறப்பட்டனர். அப்பொழுது சாமர்வெல் தம் காமிராவை மல்லோரிக்கு இரவலாகக் கொடுத்தார். ஜூன் 8-ஆம் நாள் மேகத்தினிடையே காணப்பட்ட அவ்விருவரும் மீளவேயில்லை.

அது கோடாக் நிறுவனத்தார் 1912-இல் வெளியிட்ட வெஸ்ட் பாக்கெட் வகை. மடக்கினால் ஏறத்தாழ ஓரங்குலக் கனமே உடையது. படம் தெளிவாக விழுதற்கு வில்லைக்கும் பிலிமுக்கும் இடையே குறித்த தூரம் வேண்டும். பெட்டிக் காமிரா அத்தூரத்தை எப்பொழுதும் சுமந்து நிற்கும். மடக்குக் காமிராவோ வேண்டும்பொழுது மட்டும் விரித்துக் கொள்ளும். வெஸ்ட் பாக்கெட்டில் இருபுறமும் கத்தரிக்கோல்போல் விரியும் உலோகச் சட்டங்கள் வில்லையைத் தாங்கும். வேறு சிலவற்றில் முன்கதவைக் கீழே சாய்த்து, அதன்மேல் வில்லையை இழுத்து நிறுத்தவேண்டும். 1929-இல் ஜெர்மனியில் தோன்றிய இகோண்டாவில் கதவு திறந்தவுடன் வில்லை தானே முன்வரும். எவ்வகையாயினும் சட்டம் சற்றே வளைந்தால் வில்லை சாயும். படத்தின் ஒருபக்கம் மங்கும்.

பிலிமோடு கருந்தாளும் சேர்த்துச் சுற்றப்பட்டிருப்பதால் சுருளைப் பகலிலேயே மாற்றலாம். தாளில் அச்சிட்ட எண் பின்புறச் சிவப்புச் சாளரத்தின் வழியே தெரியும். அக்காலத்துப் பிலிமைச் செவ்வொளி தாக்காது; ஆதலின் கேடில்லை. இக்காலத்துப் பிலிமை இட்டுப் படமெடுக்க விழையும் மாணவர் சாளரத்தை மூடிவைத்தல் வேண்டும்.

வெஸ்ட் பாக்கெட்டின் சுருளில் எட்டுப் படங்கள். அவற்றுள் ஒன்றேனும் உச்சியில் எடுக்கப்பட்டதாயின், 1953-இல் ஹிலாரியும் டென்சிங்கும் ஏறியதற்கு 29 ஆண்டுகட்கு முன்னரே மனிதர் அங்கு நின்றனர் என்பது உறுதிப்படும். இத்தனை காலத்திற்குப்பின் படம் தெளியுமோ எனின், தெளியக்கூடும். 1897-இல் வடதுருவம் நோக்கிப் பலூனில் சென்று மாண்ட ஆண்ட்ரே குழுவினரின் பிலிம்கள் 1930-இல் பனித்தீவொன்றில் கிடைத்தன. கழுவியபொழுது பல படங்கள் தோன்றின. குளிர் அவற்றைக் காத்தது.

கடலை அடுத்த ஊர்களில் அந்நம்பிக்கைக்கு இடம் குறைவு. ஈரக்காற்றில் வில்லைமேல் பூஞ்சை படரும். துருத்தியின் மடிப்புகள் வெடிக்கும். பழைய காமிரா கிடைத்தால் இருட்டறையில் துருத்தியினுள்ளே சிறு விளக்கை வைத்துப் பார்க்க. ஊசித்துளையும் விண்மீன்போல் காட்டிக்கொடுக்கும்.

1999-இல் மல்லோரியின் உடல் கண்டெடுக்கப்பட்டது. சட்டைப்பையில் கடிதங்கள் இருந்தன, காமிரா இல்லை. 2024-இல் இர்வினின் காலணியொன்று பாதத்தோடு கிடைத்தது. அங்கும் காமிரா இல்லை. இரவல் கொடுத்த சாமர்வெல்லோ நெய்யூருக்குத் திரும்பிப் பல்லாண்டு அறுவை மருத்துவம் செய்து, பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாணவர்க்குக் கற்பித்தார்.