தோற்ற ஆட்டத்தை எழுதி வையுங்கள்

கேள்வி: நான்காம் ஆண்டு படிக்கும் என் மகன் மாலை முழுக்கக் கைத்தொலைபேசியில் மூன்று நிமிட சதுரங்கம் ஆடுகிறான். ஆனால் போட்டிகளில் தோற்றுவிடுகிறான். என்ன செய்வது?
- வாசகி, டெங்கில்

பதில்: சகோதரி, மூன்று நிமிட ஆட்டத்தில் விரல்தான் வேகமாகிறது, யோசிக்க நேரமில்லை. அதைக் குறைத்துவிட்டு, வாரம் இரண்டு முறை நிஜப் பலகையில் ஆளுக்கு அரைமணி நேரம் வைத்து ஆடச் சொல்லுங்கள். ஒவ்வொரு நகர்த்தலையும் அவனே எழுத வேண்டும். தோற்ற ஆட்டத்தை மறுநாள் திரும்ப அடுக்கி, எங்கே சறுக்கினோம் என்று தானே தேட வேண்டும். கணினியைக் கேட்பது அதற்குப் பிறகுதான். சென்னையின் குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை கணினியின் துணையின்றித்தான் வளர்த்தார்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலகச் சாம்பியனானது நினைவிருக்கும். பதினான்காவது ஆட்டத்தில் எதிராளி டிங் லிரென் யானைக்கு யானை வெட்டிக்கொள்ள முன்வந்தார். அடுத்து பிஷப்புகளும் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அந்த முடிவு தனக்குத்தான் சாதகம் என்று குகேஷ் கண்டுகொண்டார்.

அப்படிப்பட்ட முடிவுகளை உங்கள் மகனும் பழக, இன்றிரவே பலகையில் இரண்டு ராஜாக்களையும் ஒரேயொரு வெள்ளைச் சிப்பாயையும் மட்டும் வையுங்கள். வெள்ளை ராஜா சிப்பாய்க்கு முன்னே நடந்தால் பெரும்பாலும் வெற்றி. பின்னே தங்கினால் பெரும்பாலும் சமன். இதை அவன் உங்களுக்கே விளக்கிக் காட்டட்டும். தினம் இருபது நிமிடம் புதிர்கள் போதும். அவற்றையும் காயைத் தொடாமல் மனத்திலேயே போட்டுப் பார்க்கட்டும்.