வீடு முந்தியா, சாக்கடை முந்தியா?

புதிய குடியிருப்பு எழும்போது முதலில் வீடுகள் வருகின்றன. சாலையும் சாக்கடையும் பின்னால் வருகின்றன. சில இடங்களில் வருவதே இல்லை. இவ்வரிசையை மாற்ற முயன்ற ஓர் ஊரைப் பற்றி இங்கே காண்போம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ராமப்போ என்னும் ஊர் உள்ளது. 1955-இல் ஹட்சன் ஆற்றின்மேல் டப்பன் ஸீ பாலம் திறக்கப்பட்டபின் அப்பகுதியில் மக்கள் வந்து குவிந்தனர். 1969-இல் ஊர் மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நிலத்தைப் பிரித்து வீடுகள் கட்டுவோர் 23-க்கு 15 மதிப்பெண் பெற வேண்டும். (நம் தேர்வைவிடக் கடினம்தான்!) கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், பள்ளியும் பூங்காவும், சாலை, தீயணைப்பு நிலையம் ஆகியவை அந்நிலத்துக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு நிறைவாக உள்ளன என்று பார்த்து மதிப்பெண் இடுவர்.

மன்றம் வெறுமனே தடை போடவில்லை. இவ்வசதிகளைப் படிப்படியாக அமைக்க 18 ஆண்டுகளுக்குச் செலவுத் திட்டமும் வகுத்தது. காத்திருக்க மனமில்லாதவர் தம் பணத்தில் அவற்றை அமைத்து மதிப்பெண் பெறலாம்.

நில உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 1972-இல் அம்மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் வீடுகள் குறைந்தால் விலை ஏறும், எளியோர் வெளியே நிற்பர் என்று குறை கூறினோரும் உண்டு. அக்குறையை எளிதில் தள்ள நமக்கு மனம் வரவில்லை.

1983-இல் ராமப்போ அம்முறையைக் கைவிட்டது. அதே கருத்தை 1985-இல் ஃபுளோரிடா மாநிலம் தன் சட்டத்தில் சேர்த்தது. 2011-இல் சாலை, பள்ளி, பூங்கா பற்றிய நிபந்தனைகளை ஊர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, குடிநீர், கழிவுநீர், வடிகால், குப்பை ஆகியவற்றுக்கு மட்டும் கட்டாயமாக வைத்துக்கொண்டது.