கடலடி வடம் அறுந்தால் என்ன ஆகும்?

ஒரு கணத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அதே கணத்தில் அவ்வளவு மின்சாரம் மின்கட்டமைப்புக்குள் வந்து சேர வேண்டும். இந்தச் சமநிலையைக் காட்டும் நாடித்துடிப்பே அதிர்வெண். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் அது 50 ஹெர்ட்ஸ். வரத்து குறைந்தால் நாடி தளரும். மிகவும் தளர்ந்தால் கட்டமைப்பைக் காக்க வட்டாரம் வட்டாரமாக மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும்.

25.12.2024 அன்று பின்லாந்தையும் எஸ்தோனியாவையும் இணைக்கும் எஸ்ட்லிங்க் 2 கடலடி வடம் திடீரெனச் செயலிழந்தது. அதன் திறன் 650 மெகாவாட். கடல் தரையில் நங்கூரம் இழுபட்ட தடம் காணப்பட்டது. பழுதுபார்த்து மீண்டும் இயக்க 2025 ஜூன் ஆகிவிட்டது. ஆனாலும் அன்று எஸ்தோனியாவில் விளக்குகள் அணையவில்லை. ஏன்?

இடைநிலைப்பள்ளியில் 'இனெர்சியா' என்று நாம் மனனம் செய்தோமே, அந்த நிலைமம்தான் காரணங்களுள் ஒன்று. மிதிப்பதை நிறுத்திய பின்னும் மிதிவண்டி சற்றுத் தூரம் ஓடுகிறதல்லவா? அதுபோல, மின்நிலையங்களில் சுழலும் கனத்த இயந்திரங்கள், வரத்து குறைந்ததும் தம் சுழற்சி ஆற்றலைக் கொடுத்து அதிர்வெண் சடாரென விழாமல் தாங்குகின்றன. அந்தச் சில விநாடிகளுக்குள் இருப்பில் உள்ள மின்சாரம் வந்து சேர வேண்டும். அன்று எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் ரஷ்யாவின் மாபெரும் கட்டமைப்போடு ஒன்றாகச் சுழன்றுகொண்டிருந்தன.

எஸ்ட்லிங்க் 2 நேர்திசை மின்னோட்ட வடம். அது மின்சாரத்தைக் கொண்டுவரும். பின்லாந்து இயந்திரங்களின் நிலைமத்தைத் தானாகக் கொண்டுவராது. வெளியூரிலிருந்து பணம் மட்டும் அனுப்பும் உறவினரைப் போன்றது என்று சொல்லலாம்!

8.2.2025 அன்று அம்மூன்று நாடுகளும் ரஷ்யக் கட்டமைப்பிலிருந்து விலகின. ஒரு நாள் தனித்து இயங்கி, மறுநாள் லிதுவேனியா - போலந்து மாறுதிசை மின்தடத்தின் வழியாக ஐரோப்பியக் கண்டக் கட்டமைப்போடு இணைந்தன. அந்த ஒரே தடம் அறுந்தால் மூன்றும் மின் தீவாகிவிடும். அந்நிலையில் 650 மெகாவாட் போனால் அடி பலமாக விழும். இதற்காகவே எஸ்தோனியா பியூசி, விரு, கீசா ஆகிய இடங்களில் ஒத்தியங்கு ஈடுசெய்பொறிகளை நிறுவியது. இவை எரிபொருளை எரிப்பதில்லை. மின்சாரமும் உற்பத்தி செய்வதில்லை. கனத்த உடலோடு சும்மா சுழல்வதே இவற்றின் முதன்மை வேலை. எனக்கு மிகவும் வியப்பளித்தது இதுதான்.

நமக்கு அருகிலேயே ஜொகூர் நீரிணையின் அடியில் மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் வடங்கள் மாறுதிசை வகையைச் சேர்ந்தவை. அதனால் அந்த இணைப்பு இயங்கும்போது இரு நாட்டு இயந்திரங்களும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. ஒரு கரையில் மின்நிலையம் நின்றுபோனால், மறுகரை இயந்திரங்களும் அந்தக் கணமே சுமையில் பங்கெடுக்கின்றன.