தொற்றுக் காலத்தில் பல்வலி: எங்கே போவது?

2020 மார்ச் 21 அன்று, ஈரோட்டுக்கு வந்திருந்த தாய்லாந்துக்காரர்கள் இருவருக்குக் கொரோனா உறுதியானது. முடக்க வேண்டியவை என மறுநாள் மத்திய அரசு வெளியிட்ட 75 மாவட்டப் பட்டியலில் சென்னை, காஞ்சிபுரத்தோடு ஈரோடும் இருந்தது. ஊர் அடைபட்டதும் பல்வலிக்காரர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

பல் டாக்டர் அறையைக் கண்டு எல்லோரும் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. அங்கே முகக்கவசத்தைக் கழற்றியே ஆக வேண்டும். பல்லைக் குடையும் ஏரோட்டர் எச்சிலையும் நீரையும் நுண்துளிகளாக வாரி இறைக்கும். அதனால்தான் 2020 மே 19 அன்று வந்த மத்திய சுகாதார அமைச்சக வழிகாட்டுதல், கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கிளினிக்குகளை மூடச் சொன்னது. மற்ற இடங்களில் அவசர சிகிச்சை மட்டும் போதும் என்றது. ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும், தொற்று பரவும் இடங்களில் வழக்கமான பல் பரிசோதனையைத் தள்ளிப்போடச் சொன்னது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. எப்படியானாலும், பல் சுத்தம் செய்வதும் கம்பி முறுக்குவதும் காத்திருக்கலாம், சீழ் காத்திருக்காது.

இப்படிப்பட்ட காலத்தில் முதல் வழி போன். 2020 மார்ச் 25 முதலே தொலைமருத்துவத்துக்கு முறையான விதிகள் உண்டு. வலி எப்படி, வீக்கம் எங்கே என்று சொல்லி, போட்டோ அனுப்பினால், உடனே வர வேண்டுமா, பொறுக்கலாமா என்று டாக்டரால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். ஆனால் போனில் சீழை வெளியேற்ற முடியாது. மெடிக்கலில் தானாக ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. வேரில் உள்ள நோய் அப்படியே இருக்கும். மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்பும். ஈறில் வலி மாத்திரையை வைத்து அடக்குபவர்களுக்கு ஈறு வெந்து புண்ணாவதுதான் மிச்சம்.

நேரில் போவதென்றால் சாதாரண வலிக்குப் பக்கத்துக் கிளினிக்கே மேல். நேரம் வாங்கிக்கொண்டு போகலாம், கூட்டம் குறைவு. முன்கூட்டியே கேட்க வேண்டியவை: சிகிச்சை அறையில் ஜன்னல் திறந்திருக்குமா? ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் எவ்வளவு இடைவெளி? நுண்துளிகளை உறிஞ்சும் கருவியும், பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் விரிப்பும் உண்டா? ஈரோட்டின் மேட்டூர் ரோட்டில் ஏ.சி. போட்டுக் கதவடைத்த அறையைவிட, காற்றோடும் சிறிய அறை பாதுகாப்பானது. காலையில் முதல் ஆளாகப் போவது இன்னும் நல்லது.

குமாரபாளையம் பல் மருத்துவக் கல்லூரியில் எல்லாப் பிரிவுகளும் ஒரே இடத்தில் கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் கல்லூரிகளில் ஒரே கூடத்தில் வரிசையாக நாற்காலிகள் இருப்பது வழக்கம். தொற்று உச்சத்தில் அது பலவீனம். ஈரோட்டிலிருந்து காவிரியைத் தாண்டி அங்கே போனால் நாமக்கல் மாவட்டம் என்பதால் 2020 ஜூலையில் இ-பாஸும் தேவைப்பட்டது. ஜி.எச். போன்ற பெரிய மருத்துவமனைக்கு வேறு நேரம் இருக்கிறது: வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால், ரத்தம் நிற்காவிட்டால், ஒரு நிமிடமும் யோசிக்காமல் அங்கேதான் போக வேண்டும்.

இடத்தோடு சிகிச்சையையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். குறடு போட்டுப் பிடுங்கினால் நுண்துளி குறைவு, ஒரே தடவையில் முடியும். வேர் சிகிச்சைக்கு ஏரோட்டர் வேண்டும், பெரும்பாலும் பல தடவை வர வேண்டும். அதைத் தவிர்ப்பதற்காகக் காப்பாற்றக்கூடிய கடைவாய்ப் பல்லை இழப்பது பெரிய விலை. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டித் தற்காலிகமாக அடைத்து, தொற்று அலை தணிந்ததும் முழு சிகிச்சை செய்ய முடியுமா என்று கேட்பதே முறை.

ஒரு வலியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 2021 இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை பரவி, மே 20 அன்று தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கொரோனாவிலிருந்து மீண்ட சர்க்கரை நோயாளிகளையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் அது அதிகம் தாக்கியது. மேல்தாடையில் வலி, நன்றாக இருந்த பற்கள் திடீரென ஆடுவது, கன்னம் மரத்துப்போவது ஆகியவை அதன் அறிகுறிகளாக இருந்தன. அப்படிப்பட்டவர் பல்லைப் பிடுங்கச் சொல்லி அலையாமல், காது மூக்கு தொண்டைப் பிரிவும் ஸ்கேன் வசதியும் உள்ள மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும்.