போர்க்காலத் தீர்ப்பைக் கையில் எடுக்கும் ஜூனியர்களுக்கு

பாறசாலையிலிருந்தும் இஞ்சிவிளையிலிருந்தும் பஸ் பிடித்து நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு வரும் புது வக்கீல் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 26 வருஷம் போர் நடந்ததே, இலங்கை உச்ச நீதிமன்றம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? வீட்டில் தமிழும் கோர்ட்டில் மலையாளமுமாக வளர்ந்த உங்களுக்கு இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியம் இல்லை. பதில் தீர்ப்புகளில் இருக்கிறது. அவற்றை எப்படிப் படிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மக்களே.

1. கட்சிக்காரர் பெயரைப் படிக்குமுன் தேதியைப் படியுங்கள். துப்பாக்கி சத்தம் கேட்கும்போது வந்த தீர்ப்பு வேறு, அடங்கிய பிறகு வந்தது வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் லிங்கன் ஹேபியஸ் கார்பஸை நிறுத்தி வைத்தார். சிவில் கோர்ட்டுகள் திறந்திருக்கும் ஊரில் சாதாரணக் குடிமகனை ராணுவ கமிஷன் விசாரித்தது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மில்லிகன் வழக்கில் சொன்னது 1866-ல். போர் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நம் நாட்டில் 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கு. எமர்ஜென்சியில் ஹேபியஸ் கார்பஸ் கேட்க முடியாது என்று நால்வர் சொல்ல, ஹெச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். கோழிக்கோடு என்ஜினீயரிங் கல்லூரி மாணவன் ராஜனைத் தேடி அப்பா ஈச்சர வாரியர் போட்ட மனு கேரள ஹைகோர்ட்டில் பலித்தது 1977-ல், எமர்ஜென்சி போன பிறகு.

இலங்கையிலும் அதே கணக்குதான். தனிநாடு கோருவதைக் குற்றமாக்கிய ஆறாவது திருத்தம் வந்தது 1983 ஆகஸ்ட். கூட்டாட்சி கேட்பது தனிநாடு கேட்பது ஆகாது என்று தமிழரசுக் கட்சி சம்பந்தப்பட்ட சந்திரசோம வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2017 ஆகஸ்ட். இதை முப்பது வருஷம் முன்னே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் வக்கீல், ஜோசியன் இல்லை.

2. கோர்ட்டுக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று பார்க்காமல் திட்ட ஆரம்பிக்காதீர்கள். அரசமைப்புக்கு விரோதமான சட்டத்தை நம் கோர்ட் எந்த வருஷமும் ரத்து செய்யலாம். இலங்கையில் அது முடியாது. 1978 அரசமைப்பின் 80(3) பிரிவுப்படி, சபாநாயகர் சான்று எழுதிவிட்டால் அந்தச் சட்டத்தை எந்தக் கோர்ட்டும் தொடக்கூடாது. மசோதாவாக இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. அதிலும் 'அவசர மசோதா' என்று மந்திரிசபை முத்திரை குத்திவிட்டால் அந்த நாட்களில் கோர்ட்டுக்குக் கிடைத்தது ஒரு நாள், மிஞ்சினால் மூன்று நாள். 1979-ன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படித்தான் நுழைந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் நிறைவேற்றப் போகிறோம் என்று அரசு சொன்னதால், பொது வாக்கெடுப்பு வேண்டுமா என்பதை மட்டும் பார்த்து, வேண்டாம் என்று கோர்ட் அனுப்பிவிட்டது. தற்காலிகம் என்று வந்த சட்டம் 1982-ல் நிரந்தரமானது. பின்னால் வந்த துயரங்களில் பாதிக்கு விதை அந்தச் சில நாள் விசாரணையில் இருக்கிறது என்பது என் கட்சி.

3. நீதிபதியும் பயப்படுகிற மனிதர்தான். 1983 ஜூனில், போலீஸுக்கு எதிராக ஒரு தீர்ப்பு வந்த சில நாளில், அதை எழுதிய நீதிபதிகள் வீட்டு வாசலில் ரவுடிக் கும்பல் வந்து வசை பாடியது. செப்டம்பரில் இன்னொரு கூத்து. ஆறாவது திருத்தம் கேட்ட சத்தியப் பிரமாணத்தை ஜனாதிபதி முன்னால் எடுக்கவில்லை, ஆகவே பதவி போயிற்று என்று சொல்லி, மேல் கோர்ட்டு நீதிபதிகளின் அறைகளைப் பூட்டி, துப்பாக்கியோடு போலீஸை நிறுத்தினார்கள். நம் முன்சீப் வாசலில் இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டுகளின் தீர்ப்புகளில் அடங்கிய குரல் கேட்டால், காரணத்தைச் சட்டத்தில் மட்டும் தேடாதீர்கள். அதற்காக எல்லாரையும் மன்னித்துவிடவும் வேண்டாம்.

4. மேல் கோர்ட்டுத் தீர்ப்பிலிருந்து கீழே இறங்கி, போலீஸ் ஸ்டேஷன் மேசை வரை போய்ப் பாருங்கள். நல்லரத்தினம் சிங்கராசா வழக்கை நான் சொல்வது இதற்காகத்தான். 1993 ஜூலையில் மட்டக்களப்புப் பக்கம் பிடிபட்ட தமிழ் இளைஞர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவர், சிங்களம் தெரியாது. வாக்குமூலம் தட்டச்சானது சிங்களத்தில். கையெழுத்துப் போட மறுத்தபோது வற்புறுத்திப் பெருவிரல் ரேகை வாங்கினார்கள் என்பது அவர் சொன்னது. வேறு சாட்சி கிடையாது, அந்தத் தாள்தான் கேஸ். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16-ம் பிரிவுப்படி ஏ.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும். அடித்து வாங்கியது என்றால் நிரூபிக்க வேண்டியவர் அடிபட்டவர். 1995-ல் கொழும்பு ஹைகோர்ட் 50 வருஷம் போட்டது, அப்பீலில் 35 ஆனது.

2004-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு இந்த விசாரணை நியாயமானது அல்ல என்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மறுபடி உச்ச நீதிமன்றப் படி ஏறினார். 2006 செப்டம்பரில் தலைமை நீதிபதி சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் அமர்வு சொன்ன பதில்: அந்தக் குழுவுக்கு முறையிடும் உரிமை தரும் நெறிமுறையில் 1997-ல் ஜனாதிபதி சேர்ந்ததே செல்லாது, வெளி அமைப்புக்கு நீதி அதிகாரத்தைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. வாதம் முழுக்க இறையாண்மை பற்றிப் போனது. பெருவிரல் ரேகை விழுந்த தாள் பேச்சிலிருந்தே நழுவிவிட்டது. நாளைக்கு நம் எல்லையில் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு கூலிக்காரர் மலையாள மகஜரில் கையெழுத்துப் போட்டுவிட்டு உங்கள் முன் வந்து உட்கார்ந்தால், முதல் கேள்வி என்னவாக இருக்க வேண்டும் என்று இப்போது தெரிந்திருக்கும்.

5. உங்களுக்குப் பிடிக்காத தீர்ப்பின் சட்டக் காரணம் வலுவாக இருக்கலாம். அதை ஒத்துக்கொண்டு அப்புறம் சண்டை போடுங்கள். வடக்கையும் கிழக்கையும் பிரித்த 2006 அக்டோபர் 16 தீர்ப்பைத்தான் சொல்கிறேன். இந்திய–இலங்கை ஒப்பந்தத்தையொட்டி 1988-ல் இரு மாகாணத்தையும் ஜனாதிபதி ஜெயவர்த்தனா இணைத்தார். சண்டை நின்று ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டால்தான் இணைக்கலாம் என்று மாகாண சபைச் சட்டமே நிபந்தனை வைத்திருந்தது. நிபந்தனை நிறைவேறவில்லை, அவசரகால விதியை வைத்து அதைத் திருத்திவிட்டு இணைத்தார்கள். அவசரகால விதிக்கு அந்த வேலை செய்ய அதிகாரம் இல்லை என்றது கோர்ட். இதில் சட்டப் பிழை கண்டுபிடிப்பது கஷ்டம். சொல்ல எனக்கே பிடிக்கவில்லை.

ஆனால் கதவு எப்படித் திறந்தது என்று பாருங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு அந்நாட்டு அரசமைப்பு தரும் கெடு ஒரு மாதம். இந்த மனு வந்தது 18 வருஷம் கழித்து, ஜே.வி.பி. கட்சியின் ஆதரவோடு. தொடர்ந்து நடக்கும் மீறல் என்று கொண்டு கோர்ட் ஏற்றது. சமாதானப் பேச்சு நொண்டிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சின் அடித்தளக் கல் ஒன்று உருவப்பட்டது. 2007 ஜனவரியிலிருந்து இரண்டு மாகாணமும் தனித்தனி.

நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லைகள் மாறியபோது விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை இங்கேயே நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவன் மனசு நமக்குத் தெரியும். அம்பாறை முஸ்லிமுக்கும் திருகோணமலைச் சிங்களவருக்கும் இணைப்பின்போது அப்படி ஒரு மனசு இருந்திருக்கும். இணைப்பு நம்மவருக்குச் சாதகம் என்பதால் அவர்கள் இல்லாமல் போய்விடவில்லை.

6. மாறுபட்ட தீர்ப்பைத் தவறாமல் படியுங்கள். 1987-ல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த பதின்மூன்றாவது திருத்த மசோதா உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4-ல் பிழைத்தது, அதிலும் ஐந்தாமவர் பாதி மனதோடுதான். தலைமை நீதிபதி சர்வானந்தா தமிழர் என்பதை மட்டும் வைத்து அதைப் பேசுகிறவர்கள் ஒரு பக்கமும் புரட்டாதவர்கள்.

7. நல்லது செய்ததையும் எழுதி வையுங்கள். 2007 ஜூன் 7-ல் கொழும்பு லாட்ஜுகளில் தங்கியிருந்த 300-க்கும் மேற்பட்ட தமிழரைப் போலீஸ் பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியது. மாற்றுக் கொள்கைகளுக்கான மையம் மனு போட, மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதே சரத் என். சில்வா தலைமை நீதிபதியாக இருந்த காலம்தான் அது. பிரதமர் மன்னிப்பும் கேட்டார். பஸ்ஸைத் தடுக்க முடிந்த கோர்ட்டால் ஏன் வாக்குமூலத்தைத் தொட முடியவில்லை? இரண்டு உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பிடி கொஞ்சம் கிடைக்கும்.

8. வரும் சனிக்கிழமைக்குள் சிங்கராசா தீர்ப்பைப் படித்துவிட்டு வாருங்கள். மனுதாரருக்காக வாதாட எல்லாரும் தயார் என்று தெரியும். அதனால் இரண்டு பேர் அரசுத் தரப்பில் நின்று, என் முகம் பார்க்காமல், முழு மூச்சாக வாதாட வேண்டும். யார் அந்த இரண்டு பேர் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.