மொட்டையா, குல்லாவா, விடுப்பா?

கேரள–தமிழ்நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையிலோ கோவிந்தாபுரத்திலோ ஒருவர் மொட்டைத் தலையோடு டீக்கடைக்கு வந்தால் யாரும் காரணம் விசாரிப்பதில்லை. "பழனியா?" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வழியாக ரயில் உண்டு. மறையூர்க்காரருக்கு உடுமலை இறங்கினால் பழனி பக்கம். 2021 செப்டம்பரிலிருந்து தமிழக அறநிலையத் துறைக் கோயில்களில் முடிக்காணிக்கைக்குக் கட்டணமும் கிடையாது. ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டு, அதை ஊருக்குச் சொல்ல விரும்பாத எல்லைக்காரருக்கு இதைவிட நல்ல சாக்கு அமையாது. ஆனால் முருகனைச் சாக்காக வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

முதலில், மறைக்க வேண்டியது எது, எத்தனை நாள் என்று பார்க்கலாம். நட்ட இடத்தில் சின்னச் சின்னப் பொருக்குகள் கட்டும். பத்து முதல் பதினான்கு நாளில் கழுவக் கழுவ உதிர்ந்துவிடும். இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் நெற்றி வீங்கலாம். சிலருக்கு வீக்கம் கண் இமை வரை இறங்கும். இதைத்தான் யாராலும் சமாளித்துப் பேச முடியாது. பிறகு மிஞ்சுவது சிவப்பு. அது சில வாரங்களிலும் மங்கலாம், வெளுத்த தோலில் சில மாதங்களும் நிற்கலாம்.

எந்த முறை என்பது அடுத்த கேள்வி. எஃப்.யூ.இ. முறையில் பின்னந்தலையிலிருந்து வேர்களை ஒவ்வொன்றாக, சுமார் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு எடுப்பார்கள். பெரும்பாலும் தலையை ஒட்ட வெட்டிவிடுவார்கள். எஃப்.யூ.டி. முறையில் பின்னந்தலைத் தோலை நீளமான பட்டையாக எடுத்துத் தைப்பார்கள்; மேலே உள்ள முடி விழுந்து தையலை மூடிக்கொள்ளும். முடி நீளமாக வைத்திருப்பவர், திங்கட்கிழமை அலுவலகத்தில் பின்பக்கம் பழையபடி தெரிய வேண்டும் என்பவர், இரண்டாவதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கோட்டுத் தழும்பு ஆயுசுக்கும் இருக்கும். பின்னாளில் ஒட்ட வெட்டினாலோ, உண்மையாகவே பழனிக்கு நேர்ந்துகொண்டாலோ குட்டு வெளிப்படும். எல்லைப்புறத்துக் குடும்பங்களில் மொட்டை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் எஃப்.யூ.இ.யே இங்கே பொருந்தும்.

சரி, பழனி வழி. அறுவை முடிந்தபின் போய் மழிப்பது கூடவே கூடாது. புதிதாக நட்ட இடத்தில் சவரக்கத்தி பட அனுமதி கிடைக்கப் பல மாதங்கள் ஆகும். வரிசையை மாற்ற வேண்டும். முதலில் பழனி, பிறகு அறுவைக்குக் கோவை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். மழித்து ஒரு வாரத்தில் இரண்டு மில்லிமீட்டர் வந்திருக்கும். வேர் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று பார்த்து எடுக்க அந்த அளவு அறுவை மருத்துவருக்கும் வசதிதான். மழித்ததில் கீறல் இருந்தால் தேதியைத் தள்ளிவைப்பார், அதனால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. அந்த ஒரு வாரத்தில் ஊரே மொட்டையைப் பார்த்துப் பழகிவிடும். அறுவைக்குப் பின் பதினைந்து நாள் கண்ணில் படாமல் இருந்துவிட்டுத் திரும்பினால், முளைக்கும் மொட்டை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். பாசத்தோடு யாராவது சந்தனம் பூச வந்தால் மட்டும் நகர்ந்துகொள்ள வேண்டும். புண் ஆறும்வரை தலைக்குச் சந்தனம் ஆகாது.

மலைக்காரர்களுக்கு வேறு வசதி. மூணாறு, தேவிகுளம் பக்கம் மார்கழியில் குல்லாவும் மஃப்ளரும் இல்லாதவர்தான் வேடிக்கைப் பொருள். அதே குல்லா ஒருவர் தலையில் பாலக்காட்டு ஏப்ரலில், வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது இருந்தால், அதுவே ஊரைக் கூட்டிவிடும். ஆனால் முதல் பத்து நாளுக்கு மங்கி குல்லா ஆபத்தானது. கழுத்துவரை இழுத்து மாட்டும்போது கம்பளி நூல் பொருக்கில் சிக்கி, நட்ட வேரைப் பிடுங்கிவிடும். மருத்துவமனையில் தரும் தளர்ந்த துணித்தொப்பிதான் அப்போதைக்குச் சரி. ஹெல்மெட்டும் கிட்டத்தட்ட இரண்டு வாரம் கூடாது. அதனால் பைக்கும் கூடாது. கோவையிலிருந்து அன்றைக்கே மலைப் பேருந்தில் ஏறி, ஜன்னல் கம்பியில் தலை இடிக்கத் தூங்கிக்கொண்டு வருவது பணத்தை அமராவதி ஆற்றில் போடுவதற்குச் சமம். முதல் சில இரவுகள் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், உப்புநீர் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கோவையிலேயே அறை எடுத்துத் தங்கி, முதல் தலைக்கழுவலை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

சபரிமலைக்கு மாலை போடுபவர்களுக்குத் தனிக் கணக்கு. விரதத்தில் முடி வெட்ட முடியாது. தலையில் இருமுடி ஏறும். குமுளி, வண்டிப்பெரியாறு வழியாக மகரவிளக்குக்கு நடக்கப் போகிறவர் கார்த்திகையில் நாள் குறிப்பது வீண். தை பிறந்த பிறகு பார்க்கலாம்.

விடுப்பு என்பது எளிய வழி. ஆனால் பலரும் அதைத் தவறான நாளுக்குச் செலவழிக்கிறார்கள். நட்ட முடி இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் பெரும்பாலும் கொட்டிவிடும். வேர் உள்ளேயே இருக்கும்; மறுபடி முளைக்க மூன்று, நான்கு மாதம், முழுப் பலன் தெரிய ஒரு வருடம். மூன்றாவது மாதம்தான் தலை பழையதைவிட மோசமாகத் தோன்றும் காலம். இதை அறியாமல் தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் அறுவை செய்துகொள்பவர்கள் உண்டு. ஒரு வருடம் முன்பே செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் கல்யாணம் முடிந்த பிறகு. பெண் வீட்டில் மறைப்பது என்ன நியாயம் என்பது வேறு பேச்சு, சொல்லிவிடுவதே மேல்.

சொல்லியே தீர வேண்டிய இன்னொருவர், முடிவெட்டுபவர். பின்னந்தலைப் புள்ளிகளை அவர் கண்ணிலிருந்து மறைக்க முடியாது, அவர் கடைதான் ஊரின் செய்தி நிலையம். முன்கூட்டியே நம்பிக்கையாகச் சொல்லிவைக்கலாம். ஆறு மாதம் பொள்ளாச்சியிலோ கம்பத்திலோ வெட்டிக்கொள்வதும் ஒரு வழி. எதையும் மறைக்காத வழியும் இருக்கிறது. 2011-இல் கால்பந்து வீரர் வெய்ன் ரூனி, முடி நட்டுக்கொண்டதைத் தானே ட்விட்டரில் அறிவித்துவிட்டார். கேலி சில நாளில் ஓய்ந்தது. ரஜினிகாந்தோ திரைக்கு வெளியே வழுக்கையோடுதான் வலம்வருகிறார்.

ரகசியத்துக்கு ஆசைப்பட்டு ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாதது மருத்துவரை. யாருக்கும் தெரியாமல் முடித்துத் தருகிறோம் என்று அழைக்கும் அழகு நிலையங்கள் உண்டு. 2016-இல் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இரண்டு நாளில் இறந்தார். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று அறிவுறுத்தியது. மயக்க மருந்து கொடுப்பது யார், வேர் எடுப்பது யார், அவசரம் என்றால் எந்த மருத்துவமனை என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வீடு திரும்பியபின் காய்ச்சலோ, சீழோ, பரவும் சிவப்போ கண்டால் மூணாறிலிருந்தாலும் மறுநாள் வரை காத்திராமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போய், என்ன செய்துகொண்டோம் என்பதை அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவைக் குறிப்பின் நகல் ஒன்று கைப்பேசியிலேயே இருக்கட்டும்.