மூன்று தலைமுறைப் படம்

அன்புள்ள யாழினி,

ஆராய்ச்சிக்குப் போனால் நீரிழிவு, புற்றுநோய் மாதிரிப் பலரைப் பாதிக்கும் நோயைத்தான் எடுப்பேன் என்று எழுதியிருந்தாய். யாரோ சில குடும்பங்களில் மட்டும் வருகிற நோய்க்காக ஒரு மருத்துவர் தன் காலம் முழுவதையும் கொடுப்பது நியாயமா என்றும் கேட்டிருந்தாய். சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அப்படித் தன் காலத்தைக் கொடுத்த ஒருவரின் வேலையைச் சொல்கிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்.

ஆந்தனி பிளையர் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வின்ஸ்டன்-சேலம் நகரத்தில் உள்ள வேக் ஃபாரஸ்ட் மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மருத்துவப் பேராசிரியர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் துரத்திக்கொண்டிருப்பது பரம்பரையாக வரும் ஒரு சிறுநீரக நோய்க் கூட்டத்தை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.டி.டி.கே.டி. என்பார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு அடுத்துள்ள நுண்குழாய்களை இது மெல்ல மெல்ல அழிக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. இதில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது.

இந்த நோயைப் பிடிப்பது ஏன் கடினம் தெரியுமா? சிறுநீரகம் கெட்டால் வழக்கமாக என்ன தெரியும்? சிறுநீரில் புரதம் போகும், ரத்தம் கலக்கும், முகமும் காலும் வீங்கும். இங்கே அது எதுவும் இருக்காது. சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும், ஸ்கேனும் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. பயாப்ஸி எடுத்தால்கூடத் தழும்பு விழுந்த திசு தெரியுமே தவிர, தழும்பு எதனால் விழுந்தது என்று தெரியாது. ரத்தத்தில் கிரியேட்டினின் மட்டும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கும். வலி மாத்திரை நிறையச் சாப்பிட்டிருப்பார், பிரஷர் இருந்திருக்கும் என்று ஏதாவது ஒரு காரணத்தைக் கோப்பில் எழுதி மூடிவிடுவார்கள். அதே வீட்டில் அடுத்தவர் வரும்போது வேறொரு மருத்துவர் வேறொரு காரணத்தை எழுதுவார்.

பிளையர் போன்றவர்கள் செய்த முதல் வேலை, கேட்பது. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்ததா? அவருடைய அக்கா எதனால் இறந்தார்? தாத்தாவுக்கு எந்த வயதில் கால் பெருவிரல் வீங்கியது? பதிலைக் கேட்டு ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கருப்பு என்று மூன்று தலைமுறையைத் தாளில் வரைந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் சொல்லாத கோப்புகள், இப்படி ஒரே தாளில் வந்ததும் பேசத் தொடங்கின. மற்ற மருத்துவர்கள் அனுப்பிய குடும்பங்களும் தாங்களே தேடி வந்த குடும்பங்களும் பிளையரிடம் சேர்ந்தன. இதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். மருத்துவத்தில் இன்று மிக வேகமாகக் குறைந்துவரும் பொருளும் அதுதான் என்பது என் வருத்தம்.

கால் பெருவிரலைச் சொன்னேன் அல்லவா, அது முக்கியமான தடயம். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிற கவுட் நோய் வழக்கமாக நடுவயது ஆண்களுக்கு வருவது. பதினாறு, பதினேழு வயதில், அதுவும் ஒரு பெண்ணுக்கு வந்தால், உடனே குடும்பத்தை விசாரிக்க வேண்டும். அப்படிப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்துதான் 2002இல் தாமஸ் ஹார்ட்டும் பிளையரும் மற்றவர்களும் சேர்ந்து யுமோட் என்ற மரபணுவில் பிழை இருப்பதைக் காட்டினார்கள்.

யுமோட் செய்து தரும் புரதம் யூரோமோடுலின். நலமாக இருப்பவரின் சிறுநீரில் மற்ற எந்தப் புரதத்தையும் விட இதுதான் அதிகம். 1950இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வகத்தில் இகோர் டாமும் ஃபிராங்க் ஹார்ஸ்ஃபாலும் இதைப் பிரித்தெடுத்தபோது அவர்கள் தேடியது வைரஸ்களைத் தடுக்கும் பொருளை. சிறுநீரக நோய் அவர்கள் மனத்திலேயே இல்லை. அரை நூற்றாண்டு கழித்து அந்தப் புரதம் இந்தக் குடும்பங்களின் கதைக்குள் வந்து சேர்ந்தது.

நீ படித்த ஹென்லே வளைவை, அந்த நுண்குழாயின் வளைந்த பகுதியை, நினைவுபடுத்திக்கொள். அதன் ஏறு பகுதியில் உள்ள செல்கள்தான் யூரோமோடுலினைச் செய்கின்றன. மரபணுவில் பிழை இருந்தால் புரதம் சரியாக மடியாது. மடியாத புரதத்தைச் செல் வெளியே விடாது. அது செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையிலேயே தேங்கும். தேங்கித் தேங்கி, பல ஆண்டுகளில் அந்தச் செல் செத்துப்போகும். நடுவே இன்னொன்றும் நடக்கிறது. ஏறு பகுதி உப்பைச் சரியாக மீட்காததால், அதற்கு முந்தைய குழாய்ப் பகுதி ஈடுகட்ட முயன்று உப்போடு யூரிக் அமிலத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கவுட் வருவது அதனால்தான்.

உன் கேள்விக்கு முதல் பதில் இங்கேயே கிடைக்கிறது. 2009இல் ஆயிரக்கணக்கான சாதாரண மக்களின் மரபணுக்களை அன்னா கோட்கென் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொதுவாக வரும் நாள்பட்ட சிறுநீரக நோயோடு தொடர்புள்ள இடங்களில் ஒன்றாக யுமோட் பக்கமே அவர்கள் கை காட்டியது. அரிய குடும்பங்களில் முதலில் தெரிந்த மரபணு, எல்லோருடைய சிறுநீரகத்துக்கும் வேண்டிய மரபணுவாக நின்றது.

ஆனால் எல்லாக் குடும்பத்திலும் யுமோட் கெடவில்லை. வேறு சில குடும்பங்களில் அதே மாதிரி நோய் இருக்கும், கவுட் மட்டும் இளவயதில் வராது. யுமோட் சுத்தமாக இருக்கும். சைப்ரஸ் தீவுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 1998இலேயே பிழை முதலாம் குரோமோசோமில் இருப்பதைச் சொல்லிவிட்டார்கள். பிறகு பதினைந்து ஆண்டுகள். மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் அதிவேக இயந்திரங்கள் வந்தும் பிழை மட்டும் அகப்படவில்லை.

ஏன் அகப்படவில்லை என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும். பிழை ஒளிந்திருந்தது மக்-1 என்ற மரபணுவில். அதன் நடுவில் அறுபது எழுத்துள்ள ஒரு தொடர் இருபதிலிருந்து நூற்றிருபத்தைந்து தடவை வரை திரும்பத் திரும்ப வருகிறது. பட்டுச் சேலையின் கரையில் ஒரே அன்னம் வரிசையாக நெய்திருப்பதை நினைத்துக்கொள். அந்தக் கரையைத் துண்டு துண்டாக வெட்டிக் குவித்துவிட்டு, எந்தத் துண்டு எங்கிருந்தது என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? அதிவேக இயந்திரம் செய்வது அந்த வெட்டும் வேலையைத்தான். சின்னச் சின்னத் துண்டாகப் படித்து, ஒட்டிப் பார்த்து, முழுமையை ஊகிக்கும். துண்டெல்லாம் ஒன்றுபோல் இருந்தால் அதற்குக் கண் கட்டிவிடும்.

பாஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜில் உள்ள பிராட் ஆய்வு நிறுவனமும் பிளையரும் பிற நாட்டவரும் சேர்ந்து ஆறு பெரிய குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். நீளமான துண்டுகளைப் பிரித்து, பாக்டீரியாவில் பெருக்கி, மெதுவான பழைய முறையில் படித்தார்கள். ஏழு 'சி' எழுத்துகள் வரிசையாக வர வேண்டிய இடத்தில் எட்டாவதாக ஒரு 'சி'. அவ்வளவுதான் பிழை. ஆறு குடும்பங்களிலும் அதே பிழை, ஆனால் கரையின் வெவ்வேறு இடங்களில். ஓர் எழுத்து கூடியதால் அதற்குப் பிறகு வரும் வாசிப்பு முழுவதும் நகர்ந்து, உடம்புக்கே அந்நியமான ஒரு புரதம் உருவாகிறது. 2013இல் இது நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில் வந்தது. பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டானிஸ்லாவ் க்மோச் குழுவினர் அந்த அந்நியப் புரதத்தைச் சிறுநீரில் உதிரும் செல்களிலேயே சாயமிட்டுக் கண்டுபிடிக்கும் வழியையும் பிறகு செய்து காட்டினார்கள்.

கண்டுபிடித்து என்ன ஆனது என்று கேட்பாய். பிராட் நிறுவனத்தில் அன்னா கிரெக்கா குழுவினர் 2019இல் தேங்கிய அந்த அந்நியப் புரதத்தைச் செல்லிலிருந்து அகற்றும் ஒரு வேதிப்பொருளை எலிகளிலும், நோயாளிகளின் செல்களிலிருந்து வளர்த்த குட்டிச் சிறுநீரகத் திசுக்களிலும் சோதித்துக் காட்டினார்கள். அது இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. ஆனால் பெயர் தெரிந்ததே பெரிய உதவி. கவுட்டுக்கு அல்லோபியூரினாலை முன்கூட்டியே தொடங்கலாம். தேவையில்லாத பயாப்ஸிகளையும் ஸ்டீராய்டுகளையும் தவிர்க்கலாம். எல்லாவற்றையும் விட, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் இந்த நோய் அதில் திரும்ப வராது என்று தைரியமாகச் சொல்லலாம்.

மாற்றுச் சிறுநீரகம் என்றதும் நம் வீடுகள் நினைவுக்கு வருகின்றன. 1994இல் வந்த நம் நாட்டுச் சட்டம், உயிரோடு இருப்பவர் சிறுநீரகம் கொடுப்பதென்றால் நெருங்கிய உறவினரைத்தான் முதலில் பார்க்கிறது. அண்ணனுக்குத் தங்கை கொடுக்க முன்வருவாள். அவளுக்கு இருபத்தைந்து வயது, கிரியேட்டினின் சரியாக இருக்கும், தகுதியானவள் என்று எழுதிவிடுவார்கள். அவளுக்கும் அதே மரபணுப் பிழை இருந்தால்? பின்னாளில் இரண்டு சிறுநீரகங்களும் கெடும்: அண்ணனுக்குப் போனதும், அவளிடம் மிஞ்சியதும். பரம்பரை நோய் என்ற சந்தேகம் துளி இருந்தாலும், கொடையாளரின் மரபணுவைப் பார்க்காமல் அறுவை அரங்குக்கு அனுப்பக் கூடாது. இதில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கட்டிக்கொடுக்கும் நம் வழக்கத்தில் இன்னொரு வகை நோய்க்கு இடம் அதிகம். அப்பா, அம்மா இருவரிடமும் மறைவாக இருந்து பிள்ளையிடம் வெளிப்படுவது. பிரைமரி ஹைப்பராக்சலூரியா அப்படிப்பட்டது. கல்லீரல் ஆக்சலேட்டை அளவுக்கு மீறிச் செய்யும், அது சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். காரணம் தெரியாமல் சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் புதியதும் படிகத்தால் அடைபட்டுப்போகும். சிறு குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் கல் வந்தால் இதை நினைக்க வேண்டும். ஆக்சலேட் உருவாவதையே குறைக்கும் லுமாசிரான் என்ற ஊசிக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதுவும் சில குடும்பங்களில் மட்டும் காணும் நோய்தான். ஆராய்ந்தவர்கள் விடாமல் இருந்ததால்தான் ஊசி வந்தது.

நீ எந்த நோயை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். இந்த விடுமுறையில் ஒன்று மட்டும் செய். ஊருக்குப் போய் பாட்டியிடம் உட்கார்ந்து, நம் குடும்பத்தின் மூன்று தலைமுறையைக் கட்டமும் வட்டமுமாக வரைந்து, யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. இறந்து பிறந்த பிள்ளைகளையும் சேர்த்துக் கேள். பாட்டி சொல்லத் தயங்கினால் மறுநாள் கேள்.

அன்புடன்,
அத்தை